அச்சத்தில் அடைக்கலம்: சிறுமலர் தெரேசம்மாளின் வாழ்க்கை

அச்சம் மனிதனோடு உடன்பிறந்தது. இருட்டைக் கண்டு அஞ்சுவோர் சிலர். இடி முழக்கம் கேட்டு நடுங்குவோர் சிலர். தேர்வு அறையில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நம்மில் யாருடைய நெஞ்சு படபடக்கவில்லை? வகுப்பில் எழுந்து விடை சொல்லும்போது பிறர் நகைப்பார்களோ என்று ஓர் அச்சம். உயிர்த்தோழி திடீரென்று பேசாமல் இருந்துவிட்டால் ஓர் அச்சம். வீட்டில் தாயோ தந்தையோ நோயுற்றுப் படுத்துவிட்டால் இரவெல்லாம் கண் மூடவிடாத அச்சம். இவை போர்க்களத்து அச்சங்கள் அல்ல. நாள்தோறும் நம்மோடு நடந்து வருகின்ற சிறு அச்சங்கள். முள் சிறிதுதான், ஆயினும் தைத்தால் வலிக்கிறதே!

புனிதர்கள் என்றால் அஞ்சாத நெஞ்சினர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சிங்கத்தின் முன்னும் வாளின் முன்னும் தலை நிமிர்ந்து நின்ற வேதசாட்சிகளின் வரலாறுகளைப் படித்துவிட்டு, நாம் எங்கே, அவர்கள் எங்கே என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால் திருச்சபையின் புனிதர் வரிசையில் அழுதும் அஞ்சியும் வளர்ந்த ஒரு சிறுமியும் இருக்கிறாள். கையில் ரோஜா மலர்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நம் ஆலயங்களில் காட்சி தரும் சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்தான் அந்தச் சிறுமி. அவருடைய வாழ்வு மலர்ப் படுக்கை அன்று. அச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் தேடி வந்தன. அவற்றினூடே அவர் கடவுளிடம் அடைக்கலம் கண்ட விதத்தை இங்கே நாம் சற்று நினைத்துப் பார்ப்போம்.

தாயை இழந்த குழந்தை

பிரான்சு நாட்டில் அலான்சோன் என்னும் ஊரில் 1873-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் தெரேசா பிறந்தாள். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர். தாய் ஸெலி, அந்த ஊருக்கே பெயர் தந்த மெல்லிய பின்னல் வேலையில் கைதேர்ந்தவர். பெண்கள் பலருக்கு வேலை கொடுத்து அத்தொழிலை நடத்தி வந்தார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர். நால்வர் இளமையிலேயே இறந்துபோயினர். எஞ்சிய ஐவரும் பெண்கள்: மரி, பவுலின், லியோனி, செலின், எல்லோருக்கும் இளையவளாகத் தெரேசா.

பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் உடல் நலிந்தது. அதனால் அண்டைச் சிற்றூரில் ஒரு குடியானவப் பெண்ணிடம் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வளர்ந்தாள். வயல் காற்றும் நல்ல பாலும் அவளைத் தேற்றின. வீடு திரும்பிய குழந்தை துள்ளித் திரிந்தாள். பிடிவாதமும் கொஞ்சம் இருந்தது.

ஏறக்குறைய நான்கு வயதில் அவள் ஒரு கனவு கண்டாள். தோட்டத்தில் ஒரு பீப்பாயின் மேல் இரண்டு குட்டிப் பேய்கள் ஆடிக்கொண்டிருந்தன. தெரேசாவைக் கண்டதும் அவை கீழே குதித்து எதிரே இருந்த சலவை அறைக்குள் ஓடி ஒளிந்தன. இவள் சன்னல் வழியே எட்டிப் பார்க்க, அவையோ இச்சிறுமியின் பார்வைக்கே அஞ்சி அங்குமிங்கும் ஓடித் தவித்தன. பெரியவளான பின்னும் அவர் இக்கனவை மறக்கவில்லை. கடவுளின் அருளில் வாழும் ஆன்மா பேய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. பேய்தான் அந்த ஆன்மாவுக்கு அஞ்சுகிறது என்று அவர் அதில் பாடம் கண்டார்.

ஆனால் விழித்திருக்கும் வாழ்வில் துயரம் விரைவிலேயே வந்தது. 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், தாய் ஸெலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது. அடக்கம் முடிந்த அன்று செலின் மூத்த அக்காள் மரியையும், தெரேசா இரண்டாம் அக்காள் பவுலினையும் தங்கள் புதிய தாயாகத் தேர்ந்துகொண்டனர். தாய்மாமன் வீட்டுக்கு அருகே இருப்பது நலம் என்று, அந்த ஆண்டு நவம்பரில் குடும்பம் லிசியே நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

அந்நாள் முதல் துள்ளித் திரிந்த பிள்ளை மாறிப்போனாள். புதியவர் முன்னே வாய் திறவாள். யாராவது உற்று நோக்கினாலே கண்ணீர் வந்துவிடும். அழுததற்காக வருந்தி மீண்டும் அழுவாள்.

இருட்டறையும் இடி முழக்கமும்

அக்காள் பவுலின் அன்பு மிகுந்தவள்; ஆனால் செல்லம் கொடுத்துக் கெடுப்பவள் அல்லள். தங்கை இருட்டுக்கு அஞ்சும் கோழையாய் வளர்ந்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. ஆகவே மாலை இருட்டிய பிறகு, வீட்டின் ஒரு கோடி அறையிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை எடுத்து வரும்படி தெரேசாவைத் தனியே அனுப்புவாள். மாட்டேன் என்றால் விடமாட்டாள். சிறுமியும் நடுங்கிக்கொண்டே போவாள், எடுத்துக்கொண்டு வருவாள். நாளடைவில் இருட்டின் மேலிருந்த பயம் விலகியது. பிற்காலத்தில் தெரேசம்மாள் இந்தப் பயிற்சிக்காக அக்காளுக்கு நன்றி பாராட்டினார். அச்சம் தீர்ந்த பிறகு நடப்போம் என்று காத்திருந்தால் அந்தப் பொருள் அங்கேயே கிடந்திருக்கும்; நடந்ததால்தான் அச்சம் தீர்ந்தது.

இன்னொரு நிகழ்ச்சி. தந்தையார் மீன் பிடிக்கப் போகும்போது இளைய மகளையும் அழைத்துச் செல்வார். ஒருநாள் பெருமழை பிடித்துக்கொண்டது. மின்னல் வெட்டி, அடுத்த வயலிலேயே இடி விழுந்தது. இருட்டைக் கண்டால் நடுங்கிய அச்சிறுமி அன்று சற்றும் அஞ்சவில்லை. கடவுள் மிக அருகில் வந்துவிட்டாற்போல் மகிழ்ந்தாள். மழையில் நனைந்த புல் அவளைவிட உயரமாக நின்றது. தூண்டில் சாமான்களின் சுமையோடு மகளையும் முதுகில் தூக்கிக்கொண்டு தந்தை வயல்களைக் கடந்து நடந்தார். தந்தையின் தோளில் இருந்த பிள்ளைக்கு இடி என்ன செய்யும்? அந்தத் தோளை அவள் வாழ்நாளெல்லாம் மறந்திருக்கமாட்டாள் என்றே நமக்குத் தோன்றுகிறது. விண்ணகத் தந்தையைப் பற்றி அவர் பிற்காலத்தில் கொண்ட நம்பிக்கைக்கெல்லாம் விதை இத்தகைய நாள்களில் விழுந்ததன்றோ!

பள்ளியில் பட்ட துன்பம்

1881-ஆம் ஆண்டு அக்டோபரில், எட்டரை வயதில், லிசியே நகரில் பெனடிக்டின் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் தெரேசா சேர்ந்தாள். வீட்டிலேயே நன்கு பயின்றவளாதலால் தன்னைவிட மூத்த பெண்களின் வகுப்பில் அமர்த்தப்பட்டாள். ஞானோபதேசத்தில் முதல் மாணவி. கணக்கில்தான் சற்றுச் சிரமம். விளையாட்டுத் திடலில் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாட அவளுக்குத் தெரியவில்லை. அவ்வகுப்பில் பதின்மூன்று, பதினான்கு வயதான ஒரு பெண் இருந்தாள். இச்சிறியவள் பரிசும் பாராட்டும் பெறுவதைப் பொறாமல் பலவிதத்தில் அவளை வாட்டினாள். எதிர்த்துப் பேசத் தெரேசாவுக்கு வரவில்லை. ஓசையின்றி அழுதாள். வீட்டாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் வீடு திரும்பித் தந்தையின் மடியில் ஏறி அமர்ந்து, பெற்ற மதிப்பெண்களைச் சொல்லி ஒரு முத்தம் பெற்றால் மனம் குளிர்ந்துவிடும். மறுநாள் காலையில் மீண்டும் அதே அச்சம். அந்த ஐந்து ஆண்டுகளே தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று அவர் பின்னாளில் எழுதினார். இதைப் படிக்கும் மாணவியருள் யாரேனும் இதுபோன்ற அச்சத்தை நெஞ்சில் பூட்டி வைத்திருக்கலாம். தெரேசா அன்று வாய் திறந்திருந்தால் அன்பு மிக்க தந்தையும் அக்காள்மாரும் துணை வந்திருப்பார்கள். பொறுமை புண்ணியந்தான், ஆனால் துன்பத்தை மறைத்து வைப்பது எப்போதும் பொறுமை ஆகாது. இதைத் தெரேசாவே போகப்போகக் கற்றுக்கொண்டாள்.

புன்னகை புரிந்த அன்னை

1882-ஆம் ஆண்டு அக்டோபரில் பவுலின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். பெற்ற தாயை இழந்தவள் தானே தேர்ந்துகொண்ட தாயையும் இழந்தாள். தலைவலி தொடர்ந்து வாட்டியது. 1883-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் சமயத்தில் ஒரு விந்தையான நோய் அவளைப் பற்றியது. உடல் நடுங்கியது. கண்டதெல்லாம் அச்சமூட்டியது. சுவரில் அறைந்திருந்த ஆணிகள் கரிந்த பெரிய விரல்களாகத் தோன்றின. தந்தை கையில் வைத்திருந்த தொப்பியுங்கூட ஏதோ கோர உருவமாய் மாறிற்று. பிள்ளை அலறியபோது, அன்பே உருவான அத்தந்தை கண்ணீரோடு வெளியேறினார். மருத்துவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

மே மாதம் 13-ஆம் நாள், தூய ஆவியின் பெருவிழா ஞாயிறு. தெரேசா மீண்டும் அலறத் தொடங்க, அக்காள்மார் மூவரும் கட்டிலருகே இருந்த தேவதாயின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு மன்றாடினர். தெரேசாவும் மண்ணில் துணை காணாமல் விண்ணகத் தாயை நோக்கித் திரும்பினாள். அன்னையின் முகம் ஒளிர்ந்தது. அன்னை தன்னைப் பார்த்துப் புன்னகை புரிந்தாள் என்று அவள் உணர்ந்தாள். அந்த நேரத்திலேயே நோய் விலகியது.

ஆனால் அச்சம் அத்துடன் ஒழிந்துவிட்டதா? இல்லை. நடந்ததைப் பற்றி மடத்துக் கன்னியர் துருவித் துருவி விசாரிக்கவே, தான் ஏதோ பொய் சொல்லிவிட்டதாக அவளுக்கு ஐயம் பிறந்தது. அந்த வேதனை நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1887-ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸ் நகரத்து வெற்றி அன்னை ஆலயத்தில் செபித்தபோதுதான் அந்த ஐயம் முற்றும் அகன்றது. கடவுளின் அருள் ஒரு நொடியில் நோயைத் தீர்த்தது. மனத்தின் அச்சத்தையோ மெல்ல மெல்லவே ஆற்றியது. இரண்டும் அவர் செயலே.

பாவ பயம்

1884-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் தெரேசா புதுநன்மை வாங்கினாள். தான் என்னும் சிறுதுளி இயேசு என்னும் கடலில் கலந்துபோனதுபோல் அன்று அவள் மகிழ்ந்தாள். அடுத்த ஆண்டு மே மாதத்துத் தியானத்தின்போது புதியதொரு சோதனை பிறந்தது. எதைச் செய்தாலும் பாவமோ என்ற ஐயம். மனத்தில் ஓடும் மிகச் சாதாரண எண்ணமும் அவளுக்குப் பெருங்குற்றமாகத் தோன்றியது. தூய்மையான பிள்ளையைத் தன் நிழலே துரத்தியது போன்ற நிலை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் இத்துன்பம் நீடித்தது. உடலும் நலிய, 1886-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, ஓர் ஆசிரியையின் வீட்டுக்குச் சென்று பாடம் கற்றாள்.

இம்முறை அவள் அச்சத்தைப் பூட்டி வைக்கவில்லை. மூத்த அக்காள் மரியிடம் மனத்தில் உள்ளதையெல்லாம் நாள்தோறும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். எவ்வளவு அற்பமானதாயினும், எவ்வளவு பித்துக்குளித்தனமாகத் தோன்றினாலும் சொல்லிவிடுவாள். மரி சினவாமல் கேட்பாள். எது பாவம், எது பாவமன்று என்று எடுத்துச் சொல்வாள். சொன்னவுடன் சுமை இறங்கும். சற்று நேரத்தில் மீண்டும் ஏறும். மறுநாள் மீண்டும் சொல்வாள்.

1886-ஆம் ஆண்டு அக்டோபரில் மரியும் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டாள். இனி யாரிடம் சொல்வது? இளமையிலேயே இறந்துபோன உடன்பிறந்தோர் நால்வரையும் அவள் நினைத்தாள். அண்ணன்மார் இருவர், அக்காள்மார் இருவர். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் எல்லோரும் என்னிடம் அன்பு காட்டினார்கள். விண்ணகம் சென்ற நீங்கள் மட்டும் என்னை மறக்கலாமா என்று ஒரு சிறுபிள்ளையின் உரிமையோடு அவர்களை வேண்டினாள். விரைவிலேயே அமைதி வந்தது. அந்தப் பாவ பயம் அவளை விட்டகன்றது.

கடவுளின் அடைக்கலம் நமக்கு எவ்வழியாக வருகிறது என்பதை இங்கே காண்கிறோம். ஒருமுறை அன்னையின் புன்னகையாக வந்தது. ஒருமுறை அக்காளின் பொறுமையாக வந்தது. ஒருமுறை மோட்சத்திலிருந்த உடன்பிறப்புகளின் மன்றாட்டாக வந்தது. மனிதர் வழியே கடவுள் நீட்டும் கையைத் தள்ளிவிட்டு, கடவுள் உதவவில்லையே என்று நாம் முறையிடலாமா?

அழுகை நின்ற இரவு

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து குடும்பம் வீடு திரும்பியது. அடுப்பங்கரைக் கணப்பின் அருகே சிறுவர்கள் காலணியை வைப்பதும், பெரியவர்கள் அதில் பரிசுப் பொருள்களை இட்டு வைப்பதும் அந்நாட்டு வழக்கம். தெரேசாவுக்கு ஏறக்குறைய பதினான்கு வயது. களைத்திருந்த தந்தை, இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு இந்த ஆண்டோடு முடியட்டும் என்று சற்றுச் சலிப்போடு சொன்னது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் விழுந்தது. கண்ணில் நீர் நிறைந்தது. தங்கையின் இயல்பை அறிந்த செலின், உடனே கீழே இறங்க வேண்டாம் என்று தடுத்தாள்.

தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டாள். படபடத்த நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். ஒன்றுமே நடவாததுபோல் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி மகிழ்ந்தாள். தந்தையும் சலிப்பு மறந்து சிரித்தார். இதைத் தம் மனமாற்றத்தின் இரவு என்றே அவர் பின்னாளில் குறிப்பிட்டார். பத்து ஆண்டுகளாகத் தன்னால் முடியாததை ஒரு நொடியில் இயேசு செய்து முடித்தார் என்பது அவர் நம்பிக்கை. பார்த்தால் மிகச் சிறிய செயல். ஒரு பெண் அழாமல் மாடிப்படி இறங்கினாள், அவ்வளவே. இருட்டறைக்குப் போய் வந்த அதே பாடம் இங்கே முதிர்ந்து நின்றது.

நடுங்கிய கால்களோடு நடந்தவர்

பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டபோது தடைகள் எழுந்தன. மிகவும் இளையவள் என்றார்கள். ஆயரைக் காணச் சென்றபோது, வயதில் மூத்தவளாகத் தோன்ற வேண்டும் என்று கூந்தலை உயர்த்திக் கொண்டையிட்டுக்கொண்டாள்! பின் தந்தையோடும் செலினோடும் உரோமைக்குத் திருயாத்திரை சென்றாள். 1887-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் முன் யாத்திரிகர்கள் வரிசையாய் முழந்தாளிட்டனர். திருத்தந்தையிடம் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு. தெரேசா தயங்கிச் செலினைப் பார்க்க, பேசு என்று செலின் துணிவூட்டினாள். அவளும் துணிந்து தன் விண்ணப்பத்தைச் சொல்லிவிட்டாள். கடவுளுக்குச் சித்தமானால் அது நடக்கும் என்பதே திருத்தந்தையின் விடை. காவலர்கள் அவளைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. கண்ணீரோடு வெளியே வந்தாலும் உள்ளத்தில் அமைதி இருந்தது. தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட அமைதி.

1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் மடத்தின் கதவு திறந்தது. வாசலை நோக்கி நடக்கையில், உயிரே போய்விடுமோ என்னுமளவுக்கு நெஞ்சு துடித்ததாம். ஆயினும் நடந்தாள், உள்ளே சென்றாள்.

அடுத்த ஆண்டே பெருந்துயரம் ஒன்று வந்தது. அன்புத் தந்தையின் அறிவு கலங்கியது. 1889-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கான் நகரத்து மனநோய் மருத்துவ விடுதியில் அவரைச் சேர்க்க நேர்ந்தது; மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக மடம் புகுந்ததே இதற்குக் காரணம் என்று ஊரார் பேசினர். வீட்டாரின் நோயால் வரும் கவலையோடு, ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சமும் சேர்ந்தால் எவ்வளவு பாரம் என்பதை அனுபவித்தோர் அறிவர். தெரேசம்மாள் அந்தத் துயரத்தைப் பாடுபட்ட இயேசுவின் திருமுகத்தோடு சேர்த்துப் பார்த்தார். கேலிக்கு ஆளாகித் துப்பப்பட்ட அந்த முகத்தில் தம் தந்தையின் முகத்தைக் கண்டார். வெட்கம் மறைந்தது, அன்பு நிலைத்தது.

1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அவருக்கு வார்த்தைப்பாடு. அதற்கு முந்திய இரவு சிலுவைப்பாதை செய்துகொண்டிருக்கையில், புயல் போல் ஓர் அச்சம் எழுந்தது. இறையழைத்தல் எல்லாம் வெறும் கனவு, எல்லோரையும் ஏமாற்றுகிறேன், உலகத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மனம் அலைபாய்ந்தது. அவர் என்ன செய்தார்? நவகன்னியரின் தலைவியைக் கோவிலிலிருந்து வெளியே அழைத்து, கூச்சத்தை விட்டு அனைத்தையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பாதி அச்சம் பறந்தது. பின் மடத்துத் தாயாரிடமும் சொன்னார், தாயார் சிரித்துவிட்டார்! அந்தச் சிரிப்பில் மீதியும் பறந்தது. மறுநாள் காலை ஆறு போல அமைதி அவருள் பெருகியது.

சின்ன அச்சங்களும் மடத்தில் இல்லாமலில்லை. சிலந்திகளைக் கண்டால் அவருக்கு அருவருப்பும் பயமும். மாடிப்படிக்குக் கீழே சிலந்திகள் கூடு கட்டிய மூலையைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. முகம் சுளிக்காமல் பெருக்கினார். செபநேரத்தில் தூங்கிவிடுவது இன்னொரு கவலை. பெற்றோருக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் உறங்கினாலும் ஒன்றுதானே என்று நினைத்து மனம் தேறினார்.

தந்தையின் கரங்கள்

தம் குறைகள் கடவுளை வருத்துகின்றனவோ என்னும் பழைய அச்சம் அடிமனத்தில் கொஞ்சம் எஞ்சியிருந்தது. 1891-ஆம் ஆண்டு அக்டோபரில் தியானம் கொடுக்க வந்த பிரான்சிஸ்கன் சபைக் குருவானவர் ஒருவர் அவர் மனத்தை நன்கு புரிந்துகொண்டு, அவருடைய குறைகள் கடவுளுக்கு வருத்தம் தருவதில்லை என்று உறுதி கூறினார். பாய் விரித்த படகுபோல் அவர் உள்ளம் நம்பிக்கைக் கடலில் சென்றது.

புனிதர்கள் மலைச் சிகரங்கள்; நானோ மணல் துகள் என்று அவர் எண்ணினார். ஆயினும் மனம் சோரவில்லை. உரோமை யாத்திரையின்போது பெரிய கட்டடங்களில் லிப்ட் இருக்கக் கண்டிருந்தார். படியேற இயலாதவரையும் அது மேலே கொண்டுபோய்விடும். விண்ணகத்துக்கும் அப்படியொரு லிப்ட் வேண்டுமே என்று விவிலியத்தில் தேடினார். சிறியவர்களை அருகே அழைக்கும் ஞானத்தின் அழைப்பையும், தாய் குழந்தையைத் தேற்றுவதுபோல் கடவுள் தம் மக்களைத் தேற்றுவதாக இசையாஸ் இறைவாக்கினர் கூறுவதையும் அங்கே கண்டார். இயேசுவின் கரங்களே தம்மைத் தூக்கும் லிப்ட் என்று தெளிந்தார். அதற்குப் பெரியவளாக வளர வேண்டியதில்லை. சிறியவளாகவே இருந்தால் போதும். இதுவே அவர் உலகுக்குக் காட்டிய சிறுவழி.

ஆனால் சிறுவழி சோம்பேறியின் வழி அன்று. மாடிப்படியின் அடியில் நிற்கும் சிறு குழந்தையை அவர் உவமை காட்டினார். முதல் படியில் ஏறக் காலைத் தூக்குகிறது, முடியாமல் விழுகிறது, மீண்டும் தூக்குகிறது. மேலே நிற்கும் தந்தை அதைப் பார்த்து மனம் இளகி, தாமே இறங்கி வந்து தூக்கிக்கொள்கிறார். காலைத் தூக்குவது நம் பங்கு. நம்மைத் தூக்குவது அவர் பங்கு.

கடைசி இருட்டு

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு. விளக்கை அணைத்துப் படுத்தவருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பொங்கி வாய்க்கு வந்தது. விளக்கை மீண்டும் ஏற்றிப் பார்க்காமல் விடியும்வரை பொறுத்திருந்தார். காலையில் பார்த்தால் இரத்தம். காசநோய்! அந்நாளில் அதற்கு மருந்தில்லை. விண்ணகம் அருகில் வந்துவிட்டது என்று மகிழ்ந்தவருக்கு, சில நாள்களிலேயே எல்லாவற்றிலும் பெரிய சோதனை வந்தது. விண்ணகமே இல்லையோ, இறப்புக்குப் பின் வெறும் சூனியந்தானோ என்ற இருட்டு மனத்தைக் கவ்வியது. இறுதிவரை அது முழுவதும் நீங்கவில்லை.

சிறுவயதில் இருட்டறைக்குள் நடந்துபோன அதே பெண், இந்த இருட்டுக்குள்ளும் நடந்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி எப்போதும் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சோதனை வரும்போதெல்லாம் இயேசுவிடம் ஓடினார். நம்பிக்கையின் இனிமை மறைந்தபோதும் நம்பினார். வேதனையோடு மூச்சுத் திணறிய நாள்களிலும் உடனிருந்த சகோதரிகளைச் சிரிக்க வைத்தார். 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, கடவுளை நேசிப்பதாகச் சொல்லியவாறே உயிர் துறந்தார். வயது 24.

கீழ்ப்படிதலின் பேரில் அவர் எழுதிய தன்வரலாறு, இறந்து ஓராண்டில் 2,000 பிரதிகள் அச்சாயிற்று; பின் உலக மொழிகள் பலவற்றில் பரவியது. 1925-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதையாக அறிவித்தார். மடத்தைவிட்டு வெளியே செல்லாத அவர், 1927-இல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டம் பெற்றார். அவருடைய பெற்றோர் இருவரும் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். அறிவு கலங்கியவர் என்று ஊர் பேசிய அத்தந்தை இன்று பீடத்தில் வணங்கப்படுகிறார். கொல்கத்தாவின் ஏழைகளுக்குத் தாயான அன்னை தெரேசாவும் துறவற வாழ்வில் இவருடைய பெயரையே தமக்குத் தேர்ந்துகொண்டார்.

நாம் கற்பது என்ன?

கடவுளிடம் அடைக்கலம் புகுந்தவருக்கு அச்சமே வராது என்று சிறுமலரின் வாழ்வு சொல்லவில்லை. நெஞ்சு துடிக்கும்; கண்ணீர் வரும்; இருட்டு வரும். அஞ்சும்போது எங்கே ஓடுகிறோம் என்பதுதான் கேள்வி. குழந்தை அஞ்சினால் தந்தையிடம் ஓடுகிறது. அதுவே அதன் பாதுகாப்பு.

ஆகவே மாணவியரே, அச்சம் வரும்போது முதலில் அதை இயேசுவிடம் சொல்வோம். அடுத்து, நம்மேல் அன்புள்ள ஒருவரிடம் சொல்வோம்: தாயிடம், தந்தையிடம், அக்காளிடம், ஆசிரியையிடம், அருட்சகோதரியிடம். பெற்றோரும் ஆசிரியரும் அந்த மரியைப்போல், எத்துணை அற்பமாகத் தோன்றினாலும் சினவாமல் நகைக்காமல் கேட்கக் கற்றுக்கொள்வோம். பிறகு, செய்ய வேண்டிய அடுத்த சிறு செயலை நடுங்கிக்கொண்டேயாவது செய்வோம். தேர்வா? அடுத்த வினாவை எழுதுவோம். வீட்டில் நோயாளியா? ஒரு குவளை வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்போம். இருட்டறையா? ஓரடி எடுத்து வைப்போம்.

அக்டோபர் முதல் நாள் சிறுமலரின் திருநாளைக் கொண்டாடும்போது ரோஜா மலர்களை மட்டும் நினையாமல், மாடிப்படியின் அடியில் காலைத் தூக்கும் அந்தக் குழந்தையையும் நினைப்போம். மேலே நிற்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கி வர அவர் தாமதிக்கமாட்டார்.